நீச்சல் குளத்து நீருக்குக் குளோரின் மட்டும் போதுமா?

நாற்புறமும் கடல் சூழ்ந்த பினாங்கில் நீச்சல் குளத்தைப் பற்றி ஒரு கட்டுரை எதற்கு என்று அன்பர்கள் சிலர் நினைக்கக்கூடும். தஞ்சோங் பூங்காவில் பினாங்கு நீச்சல் சங்கம் தோன்றிய 1903-ஆம் ஆண்டில் இது வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்காக இருந்தது உண்மையே. இன்று நிலைமை வேறு. பத்து பெரிங்கிக் கடற்கரை நெடுகப் பெரிய ஹோட்டல்கள் எழும்பிவிட்டன. 2008-இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு, பழைய கடைவீடுகள் பலவும் தங்கும் விடுதிகளாகிவிட்டன. சிலவற்றில் முன்பு மழை விழுந்த நடு முற்றத்திலேயே ஒரு சிறு குளம் கட்டியிருக்கிறார்கள். நம்மவர்களிலும் விடுதி வைத்திருப்பவர்கள் உண்டு; குளமுள்ள அடுக்குமாடியில் வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவர்கள் உண்டு; கடையில் குளோரினும் அமிலமும் விற்பவர்களும் உண்டு. குளத்தைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர்களுக்கும், குளத்துக்கு மருந்து விற்பவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய சில விஷயங்களை இங்கே எழுதுகிறோம்.

பெரும்பாலோர் செய்வது இதுதான். தண்ணீர் சற்றுக் கலங்கினால் குளோரின். வாடை வந்தால் குளோரின். வந்தவர்கள் கண் எரிகிறதென்று முறையிட்டால், குளோரின் அதிகமாகிவிட்டதென்று இரண்டு நாள் நிறுத்திவிடுவது. பிறகு பாசி பிடித்தால் மறுபடியும் குளோரின். இப்படிக் குத்துமதிப்பாகக் கொட்டுவதில் பணமும் போகிறது, தண்ணீரும் கெடுகிறது. காரணம், குளத்தில் எவ்வளவு குளோரின் இருக்கிறது என்பது பாதிச் செய்திதான். அந்தக் குளோரின் வேலை செய்கிறதா என்பது மறுபாதி. அதைத் தீர்மானிப்பது பி.எச். என்னும் அளவு.

பி.எச். என்பது தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் எண். 1909-இல் டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சென் கோபன்ஹேகனில் இதை வகுத்தார். அவர் வேலை பார்த்தது ஒரு பீர்த் தொழிற்சாலையின் ஆராய்ச்சிக் கூடத்தில். அதற்காக நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை, எண்ணுக்கு மயக்கம் கிடையாது! 7 என்பது நடு. அதற்குக் கீழே போகப் போகப் புளிப்பு. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். மேலே போகப் போகக் காரம். சோப்புத் தண்ணீர் 9, 10 என்றிருக்கும். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு வித்தியாசம் என்பதை மறந்துவிடக் கூடாது. 7-க்கும் 8-க்கும் உள்ள தூரம் கண்ணுக்குச் சிறிது, தண்ணீருக்குப் பெரிது. மனிதனின் கண்ணீர் சுமார் 7.4. குளத்து நீர் 7.2-லிருந்து 7.8-க்குள் இருக்கவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எம்மைக் கேட்டால், 7.4-ஐ ஒட்டி வைத்திருப்பது கண்ணுக்கும் நல்லது, மருந்துச் செலவுக்கும் நல்லது.

இதற்கும் குளோரினுக்கும் என்ன சம்பந்தம்? எந்த வடிவில் போட்டாலும், தூளாயினும் திரவமாயினும் வில்லையாயினும், குளோரின் தண்ணீரில் கரைந்ததும் இரண்டு வகையாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று ஹைபோகுளோரஸ் அமிலம். இது கிருமியின் உடலுக்குள் எளிதில் ஊடுருவி அதைக் கொல்லும். மற்றது ஹைபோகுளோரைட், இதற்கு மின்னேற்றம் இருப்பதால் கிருமியின் சுவரைத் தாண்டி உள்ளே புகுவது கடினம், வேலையும் மிக மந்தம். இரண்டும் எந்த விகிதத்தில் நிற்கும் என்பதைப் பி.எச்.தான் முடிவு செய்கிறது.

ஒரு கடையில் பத்துச் சிப்பந்திகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பி.எச். 7.2 என்றால் ஏறக்குறைய ஏழு பேர் வேலை செய்கிறார்கள், மூன்று பேர் தூங்குகிறார்கள். 7.5-இல் ஐந்து பேர் வேலை, ஐந்து பேர் தூக்கம். 8.0-க்கு ஏறினால் இரண்டு மூன்று பேர்தான் விழித்திருப்பார்கள். 8.5 ஆனால் ஒருவர் மட்டுமே. தூங்குபவர்கள் ஓடிப்போகவில்லை; விழித்திருப்பவர் ஒருவர் குறைந்தால் இன்னொருவர் எழுந்து வருவார். ஆனால் எந்த நேரத்திலும் கடைக்கு முன்னால் நிற்பது அந்த ஒருவர்தான்.

இதில் முதலாளி ஏமாறும் இடம் ஒன்று உண்டு. குளோரினைப் பார்க்கும் சோதனைப் பெட்டி பத்துப் பேரையும் எண்ணிக் காட்டும். யார் வேலை செய்கிறார், யார் தூங்குகிறார் என்று அது சொல்லாது. ஆகையால் குளோரின் 2 என்று காட்டியது, நன்றாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், பி.எச். எவ்வளவு என்று கேட்காமல் அதை நம்பக்கூடாது. 8.5-இல் இருக்கும் 2, 7.2-இல் இருக்கும் 2-இன் ஏழில் ஒரு பங்கு வேலையைக்கூடச் சரியாகச் செய்யாது. அதைச் சரிக்கட்ட இன்னும் திரவக் குளோரினை ஊற்றினால், அதுவே பி.எச். 12-க்கு மேற்பட்ட கடுங்காரம், குளத்தின் பி.எச். இன்னும் சற்று ஏறத்தான் செய்யும். சம்பளம் கொடுத்துத் தூங்க ஆள் வைப்பது போன்றது அது.

கணக்கை நேரே கேட்க நமது வியாபாரிகள் விரும்புவார்கள். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.2 மீட்டர் உள்ள ஒரு விடுதிக் குளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 60 கன மீட்டர், அதாவது 60,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். பி.பி.எம். என்னும் அளவு பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிராம் என்று நினைவில் வைத்தால் போதும். இந்தக் குளத்தில் குளோரினை 2 பி.பி.எம். உயர்த்த 120 கிராம் குளோரின் வேண்டும். 65 சதவீத வீரியமுள்ள கால்சியம் ஹைபோகுளோரைட் தூளானால் ஏறத்தாழ 185 கிராம். 10 சதவீதத் திரவமானால் 1.2 லிட்டர். 90 சதவீத வில்லையானால் 135 கிராமுக்குச் சற்றுக் குறைவு. இந்த மூன்றில் எது மலிவு என்பதைத் தோங்கின் விலையை வைத்துப் பார்க்காமல், இந்தக் கணக்கில் எத்தனை வெள்ளி விழுகிறது என்று பார்ப்பதுதான் சரி. சாதாரணக் குளத்துக்குத் தனிக்குளோரின் 1-லிருந்து 3 பி.பி.எம். வரை இருந்தால் போதும். ஒன்றுக்குக் கீழே ஒருபோதும் இறங்கவிடக் கூடாது.

இனி நெடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளத்தருகே போனதும் மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், ஆஹா, மருந்து நன்றாகப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் திருப்திப்படுகிறார்கள். உண்மை நேர்மாறானது. சரியாக வைத்திருக்கும் குளத்தில் வாடை மிகக் குறைவு. அந்த நெடி, குளோரின் மனிதனின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைன் என்னும் பொருளுடையது. கண்ணை எரிப்பதும் இருமலை உண்டாக்குவதும் பெரும்பாலும் அதுதான். இதைக் குளோரின் அதிகம் என்று எண்ணி நிறுத்துவது, பசித்தவனுக்கு அஜீரணம் என்று பட்டினி போடுவதற்குச் சமம். மொத்தக் குளோரினிலிருந்து தனிக்குளோரினைக் கழித்தால் இந்தக் கூட்டுக்குளோரின் எவ்வளவு என்று தெரியும். அது அரை பி.பி.எம்.மைத் தாண்டினால், அதைப் போலப் பத்து மடங்கு குளோரினை ஒரே தடவையில் போட்டு அதை எரித்துத் தீர்க்க வேண்டும். நமது உதாரணக் குளத்தில் 0.6 இருந்தால் 6 பி.பி.எம்.; 360 கிராம் குளோரின், அதாவது தூளில் 550 கிராம். அதைப் பாதியாகப் போட்டால் வாடை முன்பைவிட மோசமாகும் என்பது இதிலுள்ள விசித்திரம். போட்ட இரவு எவரையும் இறங்கவிடக் கூடாது. குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னாலே இந்தத் தொல்லையில் பெரும்பகுதி குறையும்; அறிவிப்புப் பலகை மட்டும் வைத்தால் போதாது, குளியல் குழாய் குளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கவேண்டும்.

நிறம், மணம், சுவை என்ற மூன்றைக் கொண்டு நீரைச் சோதிப்பது நமக்குப் பழக்கமான முறை. ஹவுளில் ஒளுச் செய்யும் நீரைப் பற்றிய மார்க்கச் சட்டம் வேறு, நோய்க் கிருமியின் விஷயம் வேறு. இரண்டையும் கலக்க வேண்டியதில்லை. குளத்து நீரில் இம்மூன்றும் குற்றமற்றிருக்கும்போதே கிருமி இருக்கலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

கருவியும் ஏமாறும் என்பதற்கு உலகமே பார்த்த சாட்சி ஒன்று உண்டு. 2016 ஆகஸ்டு 9-ஆம் தேதி, ரியோ டி ஜெனிரோ ஒலிம்பிக்கில் நமது மலேசியப் பெண்கள் பண்டலேலா ரினோங்கும் சியோங் ஜுன் ஹூங்கும் 10 மீட்டர் மேடையிலிருந்து இணையாகக் குதித்து வெள்ளிப் பதக்கம் வென்றார்கள். அந்தப் படத்தை இன்றைக்கு எடுத்துப் பார்த்தாலும், பின்னால் தண்ணீர் பச்சைப் பசேலென்று இருப்பது தெரியும். முந்தைய நாள்வரை நீலமாக இருந்த குளம் அன்றுதான் நிறம் மாறியது. சில நாள் முன்னதாக ஒப்பந்தக்காரர் ஒருவர் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீரில் ஊற்றிவிட்டார் என்றும், அது குளோரினைச் செயலிழக்கச் செய்ததால் பாசி முளைத்தது என்றும், மின்கருவிகள் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை என்றும் அமைப்பாளர்கள் பிறகு விளக்கினார்கள். பக்கத்துக் குளத்தில் பந்து விளையாடியவர்கள் கண் எரிகிறதென்று முறையிட்டார்கள். கடைசியில் அந்தப் பக்கத்துக் குளத்தின் நீரையே இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டியதாயிற்று. பெராக்சைடும் கிருமிநாசினி, குளோரினும் கிருமிநாசினி. இரண்டு நல்லவர்கள் சேர்ந்தால் இரட்டிப்பு நன்மை என்று எண்ணியதன் பலன். ஒன்றை ஒன்று தின்றுவிட்டது.

கலங்கிய நீரின் ஆபத்து பாசியோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஃபால் ரிவர் என்னும் ஊரில், 2011 ஜூன் மாதம், பொதுக் குளமொன்றில் மூழ்கிய ஒரு பெண்ணின் உடல் இரண்டு நாள் அடியிலேயே கிடந்திருக்கிறது. அந்த இரண்டு நாளும் குளம் திறந்தே இருந்தது, மக்கள் நீந்தினார்கள். நீர் அவ்வளவு மங்கல். ஆகவே ஆழமான பக்கத்தின் அடியிலுள்ள வடிகால் மூடி கரையில் நின்று பார்த்தால் தெளிவாகத் தெரியவில்லையென்றால், சோதனைப் பெட்டி என்ன சொன்னாலும் சரி, அன்று குளத்தைப் பூட்டிவிட வேண்டும். வாடகை போகிறதே என்று பார்க்கும் இடம் இதுவன்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். அந்நிய நாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே செய்ய முடியாததற்குக் காரணம் மூன்று: வெயில், மழை, குழாய்த் தண்ணீர்.

வெயில் குளோரினைக் குடித்துவிடும். பாதுகாப்பு ஏதுமில்லாத தண்ணீரில், நடுப்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி குளோரின் மறைந்துவிடும். காலை பத்து மணிக்குப் போட்டுவிட்டு மத்தியானம் சோதித்தால் ஒன்றுமிராது. அதனால்தான் மருந்து போடும் வேலையை மஃரிபுக்குப் பிறகு வைத்துக்கொள்ளச் சொல்கிறோம்; இரவு முழுவதும் அது கிருமியோடு போராடும், சூரியனோடு போராடாது.

வெயிலைத் தடுக்கச் சயனூரிக் அமிலம் என்னும் பொருளைச் சேர்ப்பது வழக்கம். கடைகளில் விற்கும் வில்லைகளில் இது ஏற்கெனவே கலந்திருக்கிறது. இங்கேதான் பல முதலாளிகளுக்குக் கணக்குத் தப்புகிறது. குளோரின் செலவாகிப் போகும். சயனூரிக் அமிலம் போகாது. வில்லையின் மூலம் 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால் அதனோடு 6 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் குளத்தில் தங்கிவிடுகிறது. நாளொன்றுக்கு 2 பி.பி.எம். வீதம் வில்லையே போட்டு வந்தால், முப்பது நாளில் 36. மூன்று மாதத்தில் நூறைத் தாண்டிவிடும். 30-லிருந்து 50 வரை அது குடை. அதற்கு மேலே போகப் போகச் சங்கிலி. குளோரினை அது இறுகக் கட்டிக்கொள்வதால், சோதனையில் 3 என்று காட்டினாலும் பாசி தாராளமாக வளரும். எவ்வளவு போட்டாலும் பச்சை போகவில்லை என்று ஒருவர் கடைக்கு வந்து புலம்பினால், அவர் குளத்துக்குக் குளோரின் தேவைப்படவில்லை, புதுத் தண்ணீர் தேவைப்படுகிறது. பாதித் தண்ணீரை மாற்றினால் சயனூரிக் அமிலமும் பாதியாகும். வேறு எளிய வழி இல்லை. விற்கிற பொருளில் வரும்படி குறைந்தாலும் இதை அவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. வில்லையைச் சில வாரம், திரவத்தைச் சில வாரம் என்று மாற்றிமாற்றிப் பயன்படுத்தினால் இந்த நிலை வராது. கூரைக்கடியில் வெயில் படாத குளத்துக்கு இந்த அமிலம் அவசியமே இல்லை.

மழை அடுத்தது. பினாங்கில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் கொட்டித் தீர்க்கும். சுத்தமான மழை நீரின் பி.எச்.சே 5.6-ஐ ஒட்டித்தான் இருக்கும். இரவெல்லாம் பெய்தால் குளம் வழிந்து, போட்ட மருந்தும் வழிந்து, கூரை அழுக்கும் தூசும் உள்ளே வந்துவிடும். மழை விட்ட காலையில் சோதனை செய்யாமல் குளத்தைத் திறக்கவே கூடாது.

மூன்றாவது நம் குழாய்த் தண்ணீர். பினாங்குக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுத்துச் சுங்கை டுவாவில் சுத்தம் செய்யப்படுவது. மலேசியத் தண்ணீர் பொதுவாக மென்மையானது. சோப்பு நன்றாக நுரைக்கும், கெண்டியில் வெள்ளைப் பொருக்குப் படியாது. குடிக்க அருமையான தண்ணீர். ஆனால் குளத்துக்கு அதில் ஒரு குறை உண்டு: அதன் காரத்தாங்குதிறன் குறைவு. இதைக் கடையின் கைமுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைமுதல் உள்ள கடை ஒரு நாள் நஷ்டத்தைத் தாங்கும். இல்லாத கடை ஆடிப்போகும். அதுபோல, தாங்குதிறன் 80-லிருந்து 120 பி.பி.எம். வரை இருந்தால், சற்று அமிலம் விழுந்தாலும் மழை பெய்தாலும் பி.எச். நிலையாக நிற்கும். 40, 50 என்றிருந்தால் காலையில் 7.8, மாலையில் 6.8 என்று ஊஞ்சலாடும். புளிப்பான வில்லைகளைத் தொடர்ந்து போடும் குளத்தில் இந்தக் கைமுதல் சிறிது சிறிதாகக் கரைந்து, ஒரு நாள் பி.எச். திடீரென்று 6-க்கு இறங்கிவிடும். ஏணியின் உலோகம் துருப்பிடிப்பதும், ஓடுகளுக்கிடையே உள்ள சிமெண்டு அரிப்பதும், பம்பின் உள்பாகம் கெடுவதும் இதனால்தான். இதற்குப் பரிகாரம் நம் சில்லறைக் கடைகளிலேயே இருக்கிறது. ஆப்பச்சோடா! நமது 60,000 லிட்டர்க் குளத்துக்கு ஒரு கிலோ ஆப்பச்சோடா போட்டால் தாங்குதிறன் 10 பி.பி.எம். ஏறும். 50-இல் இருப்பதை 80 ஆக்க மூன்று கிலோ. வேறு பெயர் ஒட்டி அழகான டப்பாவில் பல மடங்கு விலைக்கு விற்கப்படுவதும் பல சமயம் இதே சோடாதான் என்பதைக் காதோடு சொல்லிவைக்கிறோம்.

திருத்தும்போது வரிசை முக்கியம். முதலில் தாங்குதிறன், அடுத்து பி.எச்., கடைசியில் குளோரின். பி.எச். ஏறியிருந்தால் உப்புத் திராவகம் எனப்படும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கால் லிட்டருக்கு மேல் ஒரே தடவையில் சேர்க்க வேண்டாம். நமது உதாரணக் குளத்துக்குத்தான் இந்த அளவு. வாளியில் முதலில் தண்ணீர், பிறகு அதில் அமிலம். ஒருபோதும் அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பம்பு ஓடும்போது ஆழமான பக்கத்தில் சுற்றி ஊற்றிவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சோதித்து, தேவையானால் மீண்டும். உப்புநீர்க் குளம் வைத்திருப்பவர்கள் எங்களுக்குக் குளோரின் கவலை இல்லை என்பார்கள். அந்த இயந்திரம் உப்பிலிருந்து மின்சாரத்தால் செய்வதும் அதே குளோரின்தான், அங்கே பி.எச். ஏறிக்கொண்டே போகும் சுபாவமுடையதால் இன்னும் அதிகக் கவனம் வேண்டும்.

சோதனையைப் பற்றி ஓரிரு வார்த்தை. மஞ்சள் நிறம் காட்டும் பழைய துளி மருந்து மொத்தக் குளோரினைத்தான் காட்டும்; தனிக்குளோரினையும் கூட்டுக்குளோரினையும் பிரித்துக் காட்டாது. இங்கிலாந்தில் பேலின் என்பவர் 1957-இல் வெளியிட்ட டி.பி.டி. முறையில் நீர் இளஞ்சிவப்பாகும். அதில் முதல் மாத்திரை தனிக்குளோரினையும், அடுத்தது மொத்தத்தையும் தரும். அதையே வாங்குங்கள். நீரை மேற்பரப்பில் மொள்ளாமல் முழங்கை ஆழத்தில், நீர் உள்ளே வரும் குழாய்க்கு அப்பால் எடுக்க வேண்டும். ஒரு பொறியும் உண்டு: குளோரின் மிக அதிகமாக, பத்துக்கு மேல் இருந்தால், அது சோதனை நிறத்தையே வெளுத்துவிடும். நிறமே வரவில்லை, குளோரின் இல்லை என்று எண்ணி மேலும் கொட்டுவார்கள்! சந்தேகம் வந்தால், குளத்து நீர் ஒரு பங்குக்குக் குளோரின் இல்லாத நல்ல நீர் நான்கு பங்கு கலந்து மறுபடி சோதித்து, வரும் எண்ணை ஐந்தால் பெருக்கிக்கொள்ளலாம். எண்களை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வருவது அவசியம். பேரேடு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வேலையே இல்லை.

பள்ளி விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். சிறு குழந்தைகள் தண்ணீரில் அசுத்தம் செய்துவிடுவதும் உண்டு. கெட்டியான மலமானால் எடுத்துவிட்டு, குளோரினை 2 பி.பி.எம்.மிலும் பி.எச்.சை 7.5-க்கு மேற்படாமலும் வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால் போதும். வயிற்றுப்போக்கானால் கதை வேறு. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் நுண்ணுயிர் அதில் இருக்கக்கூடும். சாதாரணக் கிருமிகள் 1 பி.பி.எம். குளோரினில் ஒரு நிமிடத்துக்குள் சாகும்; இதுவோ பத்து நாளுக்கு மேல் உயிர்வாழும். சயனூரிக் அமிலம் சேராத குளத்தில் குளோரினை 20 பி.பி.எம்.முக்கு உயர்த்தி, பன்னிரண்டே முக்கால் மணி நேரம் குறையாமல் வைத்திருக்கவேண்டும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் விதி. ஆகவே அன்று முழுதும் குளம் பூட்டு. வயிற்றுக்கோளாறு உள்ள குழந்தையை இறக்காதீர்கள் என்று பெட்டியடியில் இருப்பவர் முகமலர்ச்சியோடு சொல்லிவிட்டால், அந்த ஒரு நாள் மிச்சமாகும்.

குளமே இல்லாமல், மருந்தை மட்டும் வாங்கி விற்கும் அன்பர்கள் இதுவரை பொறுமையாகப் படித்திருந்தால், இனிச் சொல்வது அவர்களுக்கு. குளோரினும் அமிலமும் கலந்தால் அந்தக் கணமே குளோரின் வாயு கிளம்பும். 1915 ஏப்ரலில் இப்ரெஸ் போர்க்களத்தில் ஜெர்மானியர் ஏவிவிட்ட விஷவாயு இதுதான். இது காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு படர்ந்து பம்பு அறை, நிலவறை போன்ற பள்ளமான இடங்களில் தேங்கும். இரண்டு மருந்துக்கும் ஒரே கரண்டி, ஒரே வாளி என்று சிக்கனம் பார்த்தால் போதும், விபத்துக்கு வேறு காரணம் வேண்டாம். கிட்டங்கியில் அமிலம் ஓர் அறை, குளோரின் வேறோர் அறை. மேல் தட்டில் அமிலத்தை வைத்துக் கீழே தூளை வைப்பது மிக மோசம். கால்சியம் ஹைபோகுளோரைட் தூளும் வில்லையும் இரண்டுமே குளோரின்தானே என்று ஒன்றாகக் கலந்தாலும் வெடிக்கக்கூடும். எண்ணெய், மண்ணெண்ணெய், சர்க்கரை, உரம் இவற்றின் பக்கத்தில் அந்தத் தூளை வைத்தால் தீப்பெட்டி இல்லாமலே தீப்பிடிக்கலாம்; நமது சில்லறைக் கடைகளில் இவை அத்தனையும் ஒரே கூரையின் கீழ் இருப்பவை என்பதால் அழுத்திச் சொல்கிறோம்.

கூரை ஒழுக்கு இன்னொரு எதிரி. 2020 ஆகஸ்டில் லாரா புயல் அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு குளமருந்துத் தொழிற்சாலையின் கூரையைப் பிய்த்தெறிந்தது. மழைநீர் வில்லைச் சரக்கின்மேல் இறங்கி, பெருந்தீயும் குளோரின் புகையும் எழுந்தன. அதே நிறுவனத்தின் ஜார்ஜியா மாகாணத்துக் கிட்டங்கியில் 2024 செப்டம்பர் 29-ஆம் தேதி, தீயணைக்க வைத்திருந்த தண்ணீர்க் குழாயே சரக்கை நனைத்து அதே விளைவு. சுமார் 17,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. வாளித் தண்ணீரில் மருந்தைப் போடலாம். மருந்து மூட்டையின்மேல் கொஞ்சம் தண்ணீர் விழுவதுதான் ஆபத்து. நம் பழைய கடைவீடுகளின் ஓட்டுக்கூரை எங்கே ஒழுகும் என்று முதலாளிக்கே தெரியும். அந்த இடத்துக்குக் கீழே இந்தச் சரக்கு வேண்டாம். தரையிலும் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

திரவக் குளோரினை மொத்தமாக வாங்கிக் குவிப்பதும் லாபமன்று. நமது வெப்பத்தில் அது மூடிய தோங்குக்குள்ளேயே மாதத்துக்கு மாதம் வீரியம் இழக்கும். வந்த தேதியை ஒவ்வொரு தோங்கின்மேலும் எழுதி, முதலில் வந்ததை முதலில் விற்றுவிட வேண்டும். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தில் 10 சதவீதம் என்றிருந்தாலும், உள்ளே 6 சதவீதமாகத் தேய்ந்துபோன சரக்கானால், முன்பு சொன்ன 1.2 லிட்டர்க் கணக்கு 2 லிட்டராகிவிடும்.